ஆம்ப்ளிஃபையருக்குப் பவர் கண்டிஷனர் தேவையா? அளந்து பார்த்து முடிவு செய்யும் முறை

நல்ல ஆம்ப்ளிஃபையர், 220-க்கும் 240-க்கும் இடையில் நிற்கும் வோல்டேஜ், சரியான எர்த் ஆகிய மூன்றும் இருக்கிற வீட்டில், லைன் கரண்ட்டைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி விற்கும் பெட்டியான பவர் கண்டிஷனரை மாட்டினால் பாட்டு ஒரு துளியும் மாறாது. பேஸ் ஒலி (தாழ்ந்த ஒலி) இறுகும், குரல் தெளியும் என்ற விளம்பர வாசகத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆனால் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் இந்த மூன்றும் எல்லா வீட்டிலும் ஒன்றாக அமைவதில்லை. அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில், மும்முனைக் கரண்ட் வந்து பம்ப்செட்டுகள் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும். குடியாத்தத்தில் தறிகளும் இராணிப்பேட்டைப் பக்கம் சிறு பட்டறை மோட்டார்களும் வேலை முடிந்து நின்றதும், இரவில் அதே லைனில் வோல்டேஜ் ஏறும். கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி, காட்பாடித் தெருக்களில் ஏசிகள் ஒன்றாக ஓடும்போது விளக்கு மங்கும். பாறை நிலத்தில் தோண்டிய எர்த் குழி மே மாதத்தில் காய்ந்து, பேருக்கு மட்டும் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஆம்ப்ளிஃபையரில் தனி அறிகுறி உண்டு, தனி மருந்தும் உண்டு. ஒரே பெட்டியால் எல்லாவற்றையும் தீர்க்க முடியாது. தவறான இடத்தில் போட்ட பெட்டி சிலவற்றைக் கெடுத்தும் விடும்.

வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்ளிஃபையருக்குள் என்ன நடக்கிறது

கேட்கும் ஒலியின் அளவை வீட்டு வோல்டேஜ் தீர்மானிப்பதில்லை. ஆம்ப்ளிஃபையர் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை அதன் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கின்றன. 230 வோல்ட் 200 ஆனாலும் அதே வால்யூமில் அதே சத்தம்தான் வரும். மாறுவது உச்சவரம்பு மட்டுமே. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர் வைத்த ஏபி வகை ஆம்ப்ளிஃபையரில் வீட்டு வோல்டேஜ் குறையும் அதே விகிதத்தில் உள்ளே உள்ள டிசி வோல்டேஜும் குறையும். பவர் அதன் வர்க்கத்தில் குறையும். 230-இல் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் 200-இல் சுமார் 76 வாட் தரும், 180-இல் சுமார் 61 வாட். டெசிபெல்லில் சொன்னால் 1.2-உம் 2.1-உம்தான் இழப்பு. வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. திருகி முழுதாக வைப்பவருக்கு, தவில் அடி விழும் இடத்தில் ஒலி உடைந்து கரகரக்கும்.

வேறு இரண்டு வகை ஆம்ப்ளிஃபையர்களுக்குக் கணக்கே வேறு. பின்பக்கம் '100-240 வோல்ட்' என்று அச்சிட்ட, எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) வைத்த டி வகை ஆம்ப்ளிஃபையர், 180 வோல்ட்டிலும் உள்ளே அதே டிசியைத் தயாரித்துக்கொள்ளும். அதற்கு ஸ்டெபிலைசர் வீண் செலவு. வால்வு ஆம்ப்ளிஃபையர் இதற்கு நேர் எதிர். அதன் ஃபிலமென்ட் 6.3 வோல்ட், கூடக்குறைய 10 சதவீதம்தான் தாங்கும். வீட்டில் 180 வந்தால் ஃபிலமென்ட்டுக்கு 4.9 வோல்ட்தான் போய்ச் சேரும். வால்வு வைத்திருப்பவர்கள் ஸ்டெபிலைசர் வாங்கத் தயங்க வேண்டாம்.

முதலில் ஒரு வாரம் அளவுகள்

ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர் ஒன்று போதும். ஆம்ப்ளிஃபையர் மாட்டும் அதே பிளக் பாயிண்டில் காலை 6 மணி, பிற்பகல் 2, மாலை 7:30, இரவு 11 என நான்கு நேரம், ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். கிராமமாக இருந்தால் மும்முனைக் கரண்ட் இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் தனியாகக் குறியுங்கள். ஒரே ஒரு முறை அளந்துவிட்டு ஸ்டெபிலைசர் வாங்கப் போவதில் பயன் இல்லை. இரவு 11 மணிக்கு வரும் 255-ஐப் பகல் அளவு காட்டாது.

அடுத்தது, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரு சோதனை. அதே பாயிண்டில் வோல்டேஜைப் பாருங்கள், பிறகு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். அது சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 1 அல்லது 2 இறங்கினால் ஒயரிங் நன்றாக இருக்கிறது. 4, 5 வோல்ட் இறங்கினால் இதே சோதனையை மெயின் போர்டுக்கு அருகில் உள்ள பாயிண்டில் திரும்பச் செய்யுங்கள். அங்கே 1 வோல்ட்தான் இறங்குகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது: பழைய ஜாயிண்ட், தளர்ந்த ஸ்க்ரூ, கருகிய சாக்கெட். அங்கேயும் 4 வோல்ட் இறங்கினால் சர்வீஸ் ஒயரோ தெரு லைனோதான் காரணம்; இ.பி. அலுவலகத்திலோ மின்னகத்திலோ (மின்வாரியத்தின் புகார் மையம்) புகார் பதிய வேண்டும். இரண்டில் எதையும் கண்டிஷனர் சரி செய்யாது.

வீட்டுக்குள்தான் கோளாறு என்று தெரிந்தால் மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன் இழுப்பது நல்ல வேலை. அதன் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 7.4 ஓம். 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர், மொத்தம் 0.22 ஓம். 5 ஆம்பியரில் 1.1 வோல்ட்தான் இழப்பு. இதைவிடத் தடித்த, விலை கூடிய 'ஆடியோ' பவர் கார்டு கடைசி ஒன்றரை மீட்டரில் போய் எதையும் மீட்டுத் தராது.

வோல்டேஜ் குறைவுக்கு

வாரக் குறிப்பில் 200-க்குக் கீழே அடிக்கடி வருகிறது, நீங்கள் சத்தமாகக் கேட்பவர் என்றால் ஸ்டெபிலைசர் பயன்படும். 2 சேனலுக்கும் 100 வாட் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு 1 கேவிஏ போதும். ரிலே வகை படிப்படியாக மாறும்; ஒவ்வொரு மாற்றத்திலும் 'டக்' என்ற சத்தமும் சில மில்லிசெகண்ட் இடைவெளியும் இருக்கும். அந்த இடைவெளியை ஆம்ப்ளிஃபையரின் கெப்பாசிட்டர்கள் தாண்டிவிடும், ஆனால் ரிலேயின் தீப்பொறி ஸ்பீக்கரில் கேட்கலாம். செர்வோ வகை மோட்டார் வைத்து மெதுவாகத் திருகும், அதனால் பாட்டு நடுவே சத்தம் வராது. வோல்டேஜ் மாலை முழுக்க ஏறி இறங்கும் ஊர்களில் செர்வோதான் சரி. எந்த வகையானாலும் டர்ன்டேபிள், ப்ரீஆம்ப் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி வையுங்கள். அதன் காந்தப்புலம் நேராக ஹம்மாக ('ம்ம்' என்ற தொடர் இரைச்சலாக) ஏறும். ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்பதையும் மனதில் வையுங்கள். நியூட்ரல் அப்படியே கடந்து போகிறது. அது லைனில் வரும் இரைச்சலைத் தடுக்காது, தனிமைப்படுத்தவும் செய்யாது.

அசெம்பிள் செய்த செட்டுகளில் மட்டும் வரும் ஒரு கோளாறு உண்டு, பலரும் இதைத் தவறாகப் படிக்கிறார்கள். பகலில் சுத்தமாகப் பாடும் செட் மாலை 7 மணிக்கு மேல் ஹம் அடிக்கும். லைனில் இரைச்சல் என்று நினைத்து ஃபில்டர் வாங்கிப் போடுவார்கள், ஹம் போகாது. காரணம் டோன் போர்டுக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரும் (நடுமுனையின் இரு பக்கமும் 12 வோல்ட் தருவது) 7812 ரெகுலேட்டரும் (நிலையான 12 வோல்ட் டிசி தரும் ஐசி) போட்டிருப்பது. 7812 ஒழுங்காக வேலை செய்ய அதன் உள்ளே குறைந்தது 14 வோல்ட் நுழைய வேண்டும். 230-இல் 12-0-12 தருவது சுமார் 16.3 வோல்ட் டிசி, அது சரி. 180-இல் அது 12.6 ஆகிவிடும். ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டிசியில் மிஞ்சி நிற்கும் ஏசி அலை) அப்படியே ப்ரீஆம்புக்குள் போகும். அந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரை 15-0-15 ஆக மாற்றுங்கள். 180-இலும் சுமார் 16 வோல்ட் கிடைக்கும். ரெகுலேட்டருக்கு முன்னால் 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கட்டும்; ரெகுலேட்டருக்குச் சிறிய ஹீட்சிங்க் போடுங்கள், இரவில் 260 வந்தால் அது சுடும். வெளியே வைக்கும் எந்தப் பெட்டியையும்விட மலிவாக முடியும் வேலை இது.

பெரிய போர்டுகளில் கெப்பாசிட்டர் அளவையும் பாருங்கள். ரிப்பிள் வோல்டேஜ் என்பது கரண்ட்டை 100-ஆலும் கெப்பாசிட்டர் மதிப்பாலும் வகுத்தால் வருவது. 2 ஆம்பியருக்கு 4700 மைக்ரோஃபாரட் போட்டால் 4.3 வோல்ட் ரிப்பிள், 10,000 போட்டால் 2 வோல்ட். வோல்டேஜ் குறைந்த ஊரில் இந்த 2 வோல்ட் வித்தியாசம் உச்சத்தில் கேட்கும்.

வோல்டேஜ் கூடுதலுக்கு, நியூட்ரல் அறுவதற்கு

உண்மையில் ஆம்ப்ளிஃபையரைக் கொல்வது இதுதான். குறைந்த வோல்டேஜ் பாட்டைக் கெடுக்கும், கூடிய வோல்டேஜ் செட்டையே எரிக்கும். செலவு செய்ய ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது இங்கே போகட்டும்.

'நேற்று இரவு நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, ஐசி தானாகப் போய்விட்டது' என்று சொல்லப்படும் செட்டுகளில் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். டிடிஏ 2030 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசியின் உச்ச வரம்பு கூட்டல் கழித்தல் 18 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் சுமை குறைவாக இருக்கும்போது எழுதியிருப்பதைவிட 10 சதவீதம் கூடுதலாகத் தரும். 230-இலேயே கூட்டல் கழித்தல் 18-ஐத் தொட்டு நிற்கும். இரவில் 255 வந்தால் கிட்டத்தட்ட 20. எல்ஏ 4440 ஐசிக்கும் 18 வோல்ட்தான் இயங்கு வரம்பு. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் வைத்தால் அதே கதி. எங்கள் பக்க ஊர்களில் இந்த இரண்டு ஐசிக்கும் 9-0-9 அல்லது 10-0-10 டிரான்ஸ்ஃபார்மர்தான் போட வேண்டும். கொஞ்சம் வாட் குறையும், ஐசி பிழைக்கும். 24-0-24 வைத்த டிரான்சிஸ்டர் போர்டுகளில் 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் இன்றே 50 வோல்ட்டுக்கு மாற்றுங்கள்; 255-இல் அந்த ரெயில் (உள் டிசி வோல்டேஜ்) 37-ஐத் தாண்டும்.

நியூட்ரல் அறுவது இன்னும் கொடியது. கம்பத்திலோ சர்வீஸ் ஒயரிலோ நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைந்த பேஸில் (மும்முனை லைனின் ஒரு முனையில்) உள்ள வீட்டுக்கு 400 வோல்ட் வரை ஏறும். ஒரு அறையில் விளக்கு பளிச்சென்று எரிய, இன்னொரு அறையிலோ பக்கத்து வீட்டிலோ மங்கினால், யோசிக்காமல் மெயினை அணையுங்கள். வேரிஸ்டர் மட்டும் வைத்த 'சர்ஜ் ப்ரொடெக்டர்' எக்ஸ்டென்ஷன் போர்டு இதற்கு உதவாது. வேரிஸ்டர் மைக்ரோசெகண்ட் கணக்கில் வரும் இடியின் அடியை விழுங்கத்தான் செய்யப்பட்டது. நிமிடக்கணக்கில் 400 வோல்ட் வந்தால் அது தீப்பிடிக்கும். தேவையானது வோல்டேஜ் கூடியதும் துண்டிக்கும் கட்-ஆஃப் ரிலே.

கோடை இடிமழை வரும் மாலைகளில் எந்தக் கருவியையும் நம்பி உட்கார வேண்டாம். பிளக்கை உருவுங்கள், டிஷ் ஒயரையும் கேபிள் ஒயரையும் சேர்த்து.

ஹம் என்றால் எந்த ஹம்

ஹம் வந்தால் பலர் முதலில் ஃபில்டர் வாங்குகிறார்கள். 50, 100 ஹெர்ட்ஸில் வரும் ஹம்மை எந்த ஃபில்டரும் தொடாது. அவை வேலை செய்வது கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் அளவில். அதனால் முதலில் பிரித்தறிய வேண்டும். ஃபோனில் இலவச ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் அருகே பிடித்தால், 50-இல் உயர்ந்து நிற்கிறதா 100-இல் நிற்கிறதா என்று தெரியும். சிறிய மைக் 50-ஐச் சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதனால் காதால் கேட்கும் ஆழத்தையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

ஆம்ப்ளிஃபையரின் எல்லா இன்புட் ஒயர்களையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். இரண்டு ஆர்சிஏ பிளக்கில் நடுப்பின்னையும் வெளி உறையையும் சால்டர் செய்து இணைத்து இன்புட்டில் செருகுங்கள். இப்போதும் ஹம் இருந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள்தான். 100 ஹெர்ட்ஸ் என்றால் வடிகட்டும் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளக்கலாம். 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஆரோக்கியம். 2.83 வோல்ட்டுக்கு 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் 1 மில்லிவோல்ட் என்பது வெறும் 19 டெசிபெல், காதுக்கு எட்டாது. 10 மில்லிவோல்ட் என்றால் 39 டெசிபெல், இரவில் எட்டும்.

ஷார்ட் பிளக் போட்டதும் ஹம் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபையர் சரி. கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாவது) தேட வேண்டும். இன்புட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் ஹம் திரும்புகிறதோ அது குற்றவாளி. பெரும்பாலும் டிவியும் கம்ப்யூட்டரும்தான். டிவியின் கேபிள் ஒயரைக் கழற்றியதும் ஹம் போனால், அந்தக் கோஆக்ஸில் ஒரு கால்வானிக் ஐசோலேட்டர் (ஒயரின் நேர்த் தொடர்பை அறுத்து சிக்னலை மட்டும் விடுவது) போடலாம். டிடிஎச் டிஷ் ஒயரில் அதைப் போடக் கூடாது, டிஷ்ஷின் எல்என்பிக்கு (டிஷ் முனையில் சிக்னலை வாங்கும் கருவி) டிசி அந்த ஒயர் வழியாகத்தான் போகிறது, படம் நின்றுவிடும். அங்கே செட்-டாப் பாக்ஸுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே 10 கே : 10 கே ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், இல்லையேல் ஆப்டிக்கல் ஒயரில் எடுங்கள். கம்ப்யூட்டருக்கும் இதே வழி. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பார்ப்பதை மறக்க வேண்டாம். காசு செலவில்லாமல் பல லூப்புகள் அதோடு ஒழியும்.

எர்த் பின்னை வெட்டினால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகும், உண்மைதான். அதன் பிறகு டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் விட்டால் சேசிஸில் (உலோகப் பெட்டியில்) 230 வோல்ட் நிற்கும், வால்யூம் திருகுபவரின் கைதான் எர்த்.

பெரிய ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் கிரவுண்ட் லூப்பை நீக்காது, எர்த் ஒயர் அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. பொதுவழி இரைச்சலைக் (பேஸிலும் நியூட்ரலிலும் ஒன்றாக வரும் இரைச்சல்) குறைப்பது போன்ற வேறு காரணத்துக்காகச் சுற்றக் கொடுப்பதாக இருந்தால், வைண்டிங் கடையில் மூன்றைச் சொல்லி வாங்குங்கள்: செம்புச் சுற்று, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே எர்த் செய்த ஃபாயில், 270 வோல்ட் வரை கோர் (உள்ளிருக்கும் இரும்பு) காந்தத்தால் நிரம்பாத கணக்கு. கடைசி ஒன்றைச் சொல்லாவிட்டால் இரவு 255-இல் அந்தப் பெட்டியே இரையும்.

ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, ஆம்ப்ளிஃபையர் பெட்டியே இரைகிறது என்பது இன்னொரு வகை. அப்போது வோல்டேஜை அளங்கள். 250-க்கு மேல் என்றால் கோர் நிரம்புகிறது, ஸ்டெபிலைசர்தான் மருந்து. 230-இலேயே, அதுவும் யாராவது ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் வைத்தால் மட்டும் இரைகிறது என்றால், லைனில் டிசி கலந்திருக்கிறது. டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மருக்கு இது ஆகாது. 22,000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டை நெகட்டிவும் நெகட்டிவும் சேரும்படி வரிசையாக இணைத்து, பிளஸ்ஸும் மைனஸும் ஷார்ட் செய்த கேபிபிசி 3510 பிரிட்ஜின் இரு ஏசி முனைகளுக்குக் குறுக்கே போட்டு, இந்தக் கூட்டை நியூட்ரல் ஒயரில் தொடராக வையுங்கள். எல்லாமே மெயின்ஸோடு தொடர்புள்ள பாகங்கள், எர்த் செய்த உலோகப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

எர்த் குழி

ஐ.எஸ். 3043 சொல்லும் பைப் எர்த் என்றால் 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், 2.5 மீட்டர் நீளம். பாறை தட்டியதும் ஒரு மீட்டரோடு நிறுத்திவிட்ட குழிகள் மலையடிவார வீடுகளில் உண்டு. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுவதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சிறியது, 1000 ஓம் எர்த்திலும் 230-தான் காட்டும். எலக்ட்ரீஷியனை வைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைச் சில விநாடி எரியவிட்டு, எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் உள்ள வோல்டேஜைப் பாருங்கள். பல்ப் 0.43 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 2 கூடினால் எர்த் சுமார் 5 ஓம், நன்று. 20 கூடினால் சுமார் 50 ஓம், குழியைப் பார்க்க வேண்டும். சோதனை நடக்கும்போது வீட்டில் யாரும் ஃப்ரிட்ஜ், கிரைண்டர் போன்ற உலோகப் பரப்பைத் தொடக் கூடாது. ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது ட்ரிப் ஆகும், அது ஆர்சிசிபி வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அறிகுறியே. காய்ந்த குழிக்கு வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுவது தற்காலிக உதவி. பாறை நிலத்துக்கு பென்டோனைட் நிரப்பிய கெமிக்கல் எர்த் நிலைக்கும்.

கரகர, டக், உஸ்

வழவழவென்று திருகும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டருக்குள் ட்ரையாக் இருக்கிறது. அது ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் அலையைப் பாதியில் வெட்டும். ஸ்பீக்கரில் 'ஸ்ர்ர்' என்று வரும். ஃபேனை முழு வேகத்தில் வைத்ததும் சத்தம் நின்றால் அதுதான். படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றினால் தீர்ந்தது. ஃப்ரிட்ஜ் நிற்கும்போது 'டக்' என்றால், அதன் தெர்மோஸ்டாட் காண்டாக்ட்டுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரையும் 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டரையும் தொடராகப் போடச் சொல்லுங்கள். இரைச்சலை அது பிறக்கும் இடத்தில் அடக்குவதே சரி. மிக்சியின் கார்பன் பிரஷ், மலிவான எல்இடி பல்ப் ஆகியவற்றின் இரைச்சலுக்கு மட்டும்தான் இஎம்ஐ ஃபில்டர் (லைனில் வரும் உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டுவது) பொருத்தமான மருந்து.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலையில் 230-க்கு உச்சம் 325 வோல்ட். கெப்பாசிட்டர்கள் அந்த உச்சத்துக்குத்தான் நிரம்பும். தூய சதுர அலையில் உச்சமும் 230-தான், அதனால் உள் டிசி 70 சதவீதமாகி, பவர் பாதியாகிவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும்வரை ஆம்ப்ளிஃபையரை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்து வையுங்கள்.

வீட்டிலேயே செய்யும் காப்புப் பெட்டி

கடையில் விற்கும் பெரும்பாலான கண்டிஷனர்களைவிட இந்த ஊர்க் கரண்ட்டுக்குப் பொருத்தமானது இது. தேவையானவை: எர்த் செய்யக்கூடிய உலோகப் பெட்டி, 16 ஆம்பியர் மூன்று பின் பிளக், 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஃப்ளெக்சிபிள் ஒயர் 2 மீட்டர், 6 ஆம்பியர் சி வகை டபுள் போல் எம்சிபி, டின் ரெயிலில் பொருந்தும் அண்டர்-ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் (மேலே சொன்ன கட்-ஆஃப் ரிலே இதுதான்), 320 வோல்ட் ஏசி என்று குறித்த 20 மில்லிமீட்டர் வேரிஸ்டர் ஒன்று, 10 ஆம்பியர் தெர்மல் ஃபியூஸ் ஒன்று, உலோக உறையுள்ள 6 அல்லது 10 ஆம்பியர் இஎம்ஐ ஃபில்டர், நான்கு சாக்கெட்.

எம்சிபி பி வகை வாங்கினால் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் கரண்ட்டுக்கே விழுந்துவிடும், அதனால்தான் சி. வோல்டேஜ் ப்ரொடெக்டரின் லேபிளில் 400 வோல்ட் தாங்கும் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் நியூட்ரல் அறும் நாளில் அதுவே முதலில் போகும்.

பிளக்கிலிருந்து எம்சிபி, அடுத்து ப்ரொடெக்டர், அடுத்து பேஸ் ஒயரில் தெர்மல் ஃபியூஸ், அதற்குப் பின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வேரிஸ்டர், பிறகு ஃபில்டர், கடைசியில் சாக்கெட்டுகள். இந்த வரிசை முக்கியம். வேரிஸ்டரை ப்ரொடெக்டருக்கு முன்னால் வைத்தால் 400 வோல்ட் வரும்போது துண்டிக்க யாரும் இல்லாமல் எரியும். தெர்மல் ஃபியூஸின் உடல் வேரிஸ்டரை ஒட்டியிருக்கும்படி இரண்டையும் ஒரே ஹீட்ஷ்ரிங்கில் அடக்குங்கள். தெர்மல் ஃபியூஸைச் சால்டர் செய்யாதீர்கள், அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும்; கனெக்டரில் கிரிம்ப் செய்யுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் வேரிஸ்டர் வேண்டாம். அது முதுமையில் கசியும், எர்த் பலவீனமான வீட்டில் சேசிஸ் ஷாக் அடிக்கும். ஃபில்டரின் உறை, பெட்டி, சாக்கெட்டின் எர்த் மூன்றும் ஒரே போல்ட்டில் சேரட்டும். எர்த் வராத பாயிண்டில் இந்தப் பெட்டியை மாட்டவே கூடாது. ஃபில்டருக்குள் உள்ள ஒய் கெப்பாசிட்டர்கள் (பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போடுபவை) பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நின்று, உலோகப் பரப்பு எல்லாவற்றிலும் சுமார் 115 வோல்ட்டைக் கசியவிடும். கையில் சுருக்கென்று குத்துவது அதனால்தான்.

முதல் தடவை 100 வாட் பல்ப் வைத்த சீரிஸ் போர்டு வழியாகக் கரண்ட் கொடுங்கள். சாக்கெட்டில் ஒன்றும் மாட்டாதபோது பல்ப் எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஷார்ட். பிறகு நேராக மாட்டி, மேல் வரம்பை 255, கீழ் வரம்பை 180, திரும்ப இணையும் நேரத்தை 60 விநாடி என்று அமையுங்கள். வாரக் குறிப்பில் 255 அடிக்கடி வந்திருந்தால் பெட்டி அடிக்கடி துண்டிக்கும். வரம்பை உயர்த்தாதீர்கள், முன்னால் ஸ்டெபிலைசர் வையுங்கள். பலத்த இடி விழுந்த காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்து வேரிஸ்டர் கருத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா பாருங்கள்.

கண்டிஷனரைக் காதால் சோதிக்கும் முறை

இத்தனைக்குப் பிறகும் ஒரு கண்டிஷனரின் ஒலி வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், நேர்மையாகச் சோதிக்கலாம். நன்கு தெரிந்த ஒரே பாட்டின் ஒரே 30 விநாடி, வால்யூம் குமிழைத் தொடாமல். இன்னொருவர் திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் கண்டிஷனர், தலை விழுந்தால் நேர் பாயிண்ட் என்று மாட்டிக் குறித்துக்கொள்ளட்டும். மாற்றாத தடவைகளிலும் பிளக்கைக் கழற்றி மாட்டட்டும், இல்லையென்றால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் ஓடிச் சூடாகட்டும். 16 முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சொல்பவருக்கு 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர நூற்றில் நாலு வாய்ப்புதான். 12-ஐத் தொட்டால் ஏதோ கேட்கிறது. அப்போது மேலே சொன்ன அளவுகளுக்குத் திரும்பி, உங்கள் லைனில் எந்தக் கோளாறை அந்தப் பெட்டி மறைக்கிறது என்று தேடுங்கள். 12-க்குக் கீழே என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் வாங்கும்போதே, பத்து நாளில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.